விளக்கு எரியாமலே தெளிஞ்ச தண்ணி

போன வாரம் நம்ம மருமகளை மாடிப்படியில ஒரு கால் வைக்கும்போது விட்டுட்டு வந்துட்டோம். பாவம், ஒரு வாரமா ஒத்தைக் கால்ல நிக்கிறா. இறங்கட்டும்.

அவ இறங்கி வர்றதுக்குள்ள, இன்னிக்குத்தான் புஸ்தகத்தைக் கையில எடுத்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். மாடியில வீடு, கீழே சாயப்பட்டறை. நூலுக்குச் சாயம் போடற இடம். முதலாளி மாமியார். மாமனார் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது வேலை மட்டும்தான், குரல் இன்னும் சர்வீஸ்ல இருக்கு. புருஷன்காரன் கப்பல்ல இஞ்சினியர். வருஷத்துல பாதி நாள் தண்ணியிலதான் கிடப்பான். கடல் தண்ணிங்க, வேற எதுவும் நினைச்சுக்காதீங்க.

மருமக வேதியியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவ. "காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை எழுதித் தரத் தெரியுமா? தெரியாதா? அப்புறம் என்ன டாக்டர்?"னு கேட்டுட்டு, மாமியார் அவளுக்கு வெச்ச பேரு 'ஊசி போடாத டாக்டர்'.

பட்டறையோட சிவப்புத் தண்ணி பின்னாடி வாய்க்கால்ல கலக்குதுன்னு நீர்வாரியத்துலேர்ந்து ஒரு அதிகாரியம்மா வந்து பாட்டில்ல பிடிச்சுட்டுப் போனாங்க இல்லையா? "அடுத்த தடவை வரும்போது தண்ணி தெளிவா இருக்கணும். இல்லைன்னா பூட்டோடதான் வருவேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. அந்த அடுத்த தடவை இன்னிக்குத்தான்.

வேற வழியில்லாம மாமியார் பின்கட்டு ஷெட்டை மருமககிட்ட விட்டாங்க. "ஒரே ஒரு தடவை உன் வித்தையைக் காட்டு. அதோட என்னை ஆளை விடு"ன்னாங்க.

வித்தை என்னன்னா, டைட்டானியம் டை ஆக்சைடுன்னு ஒரு வெள்ளைப் பொடி. சுவத்துக்கு அடிக்கிற பெயிண்டுல வெள்ளைக்குப் போடறாங்களே, அதே சாமான்தான். ஆனா இவ செஞ்சது ரொம்ப ரொம்பப் பொடிசு. ஒரு தலைமுடியோட குறுக்கால ஆயிரக்கணக்குல வரிசையா நிறுத்தலாம், அவ்வளவு பொடிசு. அதைக் கண்ணாடி மணி மேல பூசி, சுட்டு எடுத்து, பெரிய தட்டுல பரப்பி, சாயத்தண்ணியை ஊத்தி, மேல ஒரு ஊதா விளக்கைப் போட்டுட்டா, வெளிச்சம் பட்டதும் அந்தப் பூச்சு முழிச்சுக்கும். பக்கத்துல வர்ற சாயத்தைத் துண்டு துண்டா நறுக்கித் தள்ளும். பூச்சு அப்படியே இருக்கும், சாயம் மட்டும் காணாம போயிடும்.

நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் ஓட விட்டுட்டுத்தான் மாடிக்குப் போனா. இப்போ இறங்கறா.

கடைசிப் படிக்கு வர்றதுக்குள்ள கீழேருந்து ஒரு சிரிப்புச் சத்தம். மருமக அப்படியே நின்னுட்டா. அந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அவ அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. மோட்டார்தான் ஏதோ மக்கர் பண்ணுதுன்னு நினைச்சா.

மோட்டார் இல்லை, மாமியார்.

"வாடி என் ராஜாத்தி!"

மருமக திரும்பி, தனக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பார்த்தா. யாரும் வரலை.

"உன்னைத்தாண்டி! வந்து பாரு!" கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனாங்க. சாயத்துலேயே ஊறி நகத்தோரமெல்லாம் ஊதாவாகிப் போன கை அது. இத்தனை நாள்ல அந்தக் கை இவ கையைத் தொட்டதே இல்லை.

ஷெட்டுல நாலஞ்சு பேர் தட்டைச் சுத்தி நிக்கிறாங்க. பால்காரர், எதிர்த்த வீட்டுத் தையக்காரர், தையக்காரர் கூட்டிட்டு வந்த அவர் மச்சான். மாமனார் வாசல்ல நின்னு, "பாத்தவங்க இறங்குங்க, பாக்காதவங்க உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு"ன்னு கூட்டத்தை ஏத்தி இறக்கிட்டிருக்கார்.

நேத்து ஊத்தும்போது செக்கச் செவேல்னு இருந்த தண்ணி, இன்னிக்குப் பளிங்கு மாதிரி. தட்டோட அடியில கம்பெனிக்காரன் குத்தின முத்திரைகூடத் தெரியுது.

"என் மருமக பண்ணினது"ன்னாங்க மாமியார், பால்காரர்கிட்ட. "என் மருமக"ன்னு மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க, நாக்குக்குப் பழகட்டும்னு. "அதுமட்டுமா, இந்த மணியைப் பாருங்க, வெள்ளை வெளேர்னு இருந்தது எவ்வளவு அழகா ரோஸ் ஆயிடுச்சு! கோத்துக் கழுத்துல போட்டுக்கலாம்."

மருமக அப்போதான் மணியைப் பார்த்தா. ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சா.

மணி ரோஸா இருக்கக் கூடாதே!

மெதுவா கையை நீட்டி விளக்கைத் தொட்டா. சில்லுன்னு இருந்தது. ராத்திரி பூரா எரிஞ்ச விளக்கு அப்படி இருக்குமா? வயரைப் பிடிச்சுக்கிட்டே கண்ணை ஓட்டினா. சுவத்தோரமா போய், ஸ்டூலைச் சுத்தி, பிளக்கு அந்தரத்துல தொங்குது. பிளக்கு இருக்க வேண்டிய இடத்துல வேற ஒரு பிளக்கு. அதோட வயர் போய் முடியற இடத்துல இஸ்திரிப்பெட்டி.

மாமனாரைப் பார்த்தா. முழுக்கைச் சட்டை. கை மடிப்பு கத்தி மாதிரி நிக்குது.

இதுக்குள்ள மாமியார் போனை எடுத்துட்டாங்க. நாடக மேடைக்குத் திரைச்சீலை நெய்யற கம்பெனிக்கு. "சிவப்பு நூல்தானே? எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. தண்ணிக் கவலை விட்டுது. என் மருமக இருக்கா"ன்னு பேசிட்டே முன்கட்டுக்குப் போனாங்க.

கூட்டம் கலைஞ்சதும் மருமக மாமனார் சட்டைக் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தா.

"மாமா, நேத்து இஸ்திரி போட்டீங்களா?"

"எப்படிம்மா இருக்கு? அதிகாரி வர்றாங்கன்னு..."

"எந்த பிளக்குல போட்டீங்க?"

மாமனார் சுவத்தைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். அப்புறம் தன் சட்டையையே யாரோட சட்டையோ மாதிரி பார்த்தார்.

"அடக் கடவுளே. போட்டு முடிச்சதும் உன்னோடதைத் திருப்பிச் சொருகணும்னு நினைச்சேம்மா. காலர்ல ஒரு சுருக்கம். அதோட போராடினதுல மறந்தே போச்சு." ஒரு நிமிஷம் யோசிச்சவர் முகம் திடீர்னு பளிச்சுன்னு ஆச்சு. "ஆனா தண்ணி தெளிஞ்சிருக்கே! கரண்டே இல்லாம! இன்னும் விசேஷம் இல்லையா இது? பில்லு மிச்சம்!"

"தெளியலை மாமா. சாயம் எங்கயும் போகலை. பஸ்ல ஏறி உக்காந்திருக்கு."

"எந்த பஸ்ல?"

"இந்த மணி மேல. பூச்சு புரை புரையா இருக்கறதால எக்கச்சக்க சீட்டு. தண்ணியில நின்னுட்டிருந்த சாயமெல்லாம் ஏறி உக்காந்துட்டதால ஸ்டாப் காலியாத் தெரியுது. அதான் மணி ரோஸ்."

இது மாமனாருக்குச் சட்டுன்னு பிடிபட்டுது. முப்பது வருஷ சர்வீஸ் ஆச்சே. "அப்போ அடுத்த தண்ணி ஊத்தினா?"

"பஸ் ஃபுல். யாரும் ஏற முடியாது. ஊத்தின தண்ணி சிவப்பாவே வாய்க்காலுக்குப் போகும். வெளிச்சம் இருந்தாத்தான் ஏறினதை அழிச்சு சீட்டைக் காலி பண்ணும்."

மாமனார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துட்டு, குரலை ரொம்பக் குறைச்சார். அவரோட ரொம்பக் குறைச்சல்னா பக்கத்து வீட்டோட நிக்கும்.

"அம்மாடி, நான் ஒண்ணு சொல்றேன். அந்தம்மா வந்து பாட்டில்ல பிடிச்சுப் பாக்கறது தண்ணியைத்தானே? தண்ணி தெளிவாத்தானே இருக்கு? இதுல பொய் எங்க இருக்கு? பாத்துட்டுப் போகட்டும். போனதும் விளக்கைப் போட்டுக்கலாம்."

மருமகளுக்கும் ஆசையாத்தான் இருந்தது. இல்லைன்னு நான் எதுக்கு மறைக்கணும்? வாயை மூடிட்டு இருந்தாப் போதும். பட்டறை பூட்டாது. 'ராஜாத்தி' ராஜாத்தியாவே இருக்கலாம்.

"போட்டதும் வேலை செய்யலைன்னா மாமா?"

"உன் காலேஜ்ல செஞ்சுதுன்னியே!"

"காலேஜ்ல நல்ல தண்ணியில ஒரு சிட்டிகை சாயம். இது பட்டறைத் தண்ணி. உப்பு, சோடா, இன்னும் என்னென்னமோ கரைஞ்சிருக்கு. இதுல செய்யுதான்னு பாக்கத்தான் நேத்து ராத்திரி ஓட விட்டதே. இந்த நிமிஷம் எனக்கே தெரியாது."

மாமனார் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி ஸ்டூலுக்கு அடியில தள்ளினார்.

மாமியார்கிட்ட சொல்லிடலாம்னு மருமக மூணு தடவை போனா. முதல் தடவை காபியைக் கையில திணிச்சாங்க. ரெண்டாவது தடவை, தான் மட்டுமே உக்கார்ற ஸ்டூலைத் துடைச்சு, "நீ உக்காரு, ராத்திரி பூரா கவலையில தூங்கியிருக்க மாட்டே"ன்னாங்க. மூணாவது தடவை, "அத்தை, அந்தத் தண்ணி..."ன்னு ஆரம்பிச்சாளோ இல்லையோ, வாசல்ல கார் ஹாரன்.

அதிகாரியம்மா இறங்கினாங்க. தொண்டை கரகரப்புக்கு ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கிட்டு, ஒரு தோள்ல பாட்டில் பை, இன்னொரு கையில பூட்டு. நிஜப் பூட்டுங்க, தேங்காய் சைஸ். ஷெட்டு மேஜை மேல அதைத் தொம்முன்னு வெச்சாங்க.

"எங்கே, காட்டுங்க."

மாமியார் தட்டைக் காட்டினாங்க. அதிகாரியம்மா தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு காகிதத்தை நனைச்சுப் பார்த்தாங்க. மிட்டாய் இந்தக் கன்னத்துலேர்ந்து அந்தக் கன்னத்துக்குப் போச்சு.

"அட! நான் வெறும் வாய்ப்பேச்சுன்னுல்ல நினைச்சேன்"னு சொல்லி, பேனாவை எடுத்தாங்க.

"மேடம், ஒரு நிமிஷம்."

மாமனார் கண்ணை மூடிக்கிட்டார்.

மருமக ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி விட்டு, பட்டறையில சாயத்தோட சேக்கற சோடாப் பொடியை ஒரு கரண்டி, நல்ல காட்டமாக் கலக்கினா. அவ்வளவு காட்டத்துல மணியால சாயத்தைப் பிடிச்சு வெச்சுக்க முடியாது. தட்டுலேர்ந்து ஒரு கை மணியை அள்ளி அதுல போட்டு ஆட்டினா. மணி வெளுத்துச்சு. தண்ணி சிவந்துச்சு. எல்லாரும் பாக்கப் பாக்க, நேத்து ஊத்தின அதே சிவப்பு டம்ளர்ல வந்து நின்னுது.

மாமியார் முகத்தைப் பாக்க மருமகளுக்குத் தைரியம் வரலை. டம்ளரைப் பார்த்தே பேசினா. "சாயம் அழியலை மேடம். மணியில ஒட்டிக்கிட்டிருக்கு. ராத்திரி விளக்கு எரியலை."

"இதை எதுக்கும்மா எனக்குக் காட்டறே? நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேனே?"

"போயிருப்பீங்க. அடுத்த லோடுல வாய்க்கால் சிவப்பா ஓடும். அப்போ நீங்க பூட்டினா, அப்புறம் நான் என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. இந்த வீட்டுலயும்தான்."

"விளக்கு ஏன் எரியலை?"

மாமனார் ரெண்டடி முன்னாடி வந்து நெஞ்சை நிமித்தினார். "இந்தச் சட்டைங்க. நீங்க வர்றீங்கன்னு இஸ்திரி போட்டேன்."

அதிகாரியம்மா சட்டையை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தாங்க. "நல்லாத்தான் போட்டிருக்கீங்க"ன்னாங்க. அவங்க உதட்டோரம் துடிச்சதை மருமக பார்த்துட்டா. "சரி. இன்னும் நாலஞ்சு பட்டறை பாக்கணும். சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவேன். வெளிச்சம்தான் வேலை பண்ணுதுன்னு எனக்குக் காட்டுங்க. பூட்டு இங்கயே இருக்கட்டும், ரெண்டு தடவை என்னால தூக்க முடியாது."

கார் போனதும் மாமியார் வாயைத் திறந்தாங்க. மருமகளைப் பாக்காம, புருஷனைப் பார்த்து.

"இங்க பாருங்க. காலையில போன்ல வாய் கிழியப் பேசினேனே, இப்போ என்ன பண்றதாம்னு அவளைக் கேளுங்க."

மருமக ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறா.

"மாமா, அத்தைகிட்ட சொல்லுங்க. இந்த விளக்கு சின்னது, சாயங்காலத்துக்குள்ள ஆகாது. தட்டை மொட்டைமாடிக்குக் கொண்டு போகணும். விளக்குல இருக்கற அதே வெளிச்சம் வெயில்லயும் இருக்கு."

மொட்டைமாடி மாமியாரோட கோட்டை. நூல் காயப் போடற இடம். வெயில் பட்டா சாயம் மங்கிடும்னு மாடி பூரா பந்தல் கட்டி, ஒரு கீத்து வெளிச்சம் உள்ள வராம பாத்துக்கறவங்க அவங்க. அந்த வீட்டுல வெயில்தான் முதல் எதிரி. மருமக ரெண்டாவது.

"பந்தலைப் பிரிக்கணும்ங்கறாளா?"

"பிரிக்கணும்ங்கறா"ன்னார் மாமனார்.

மாமியார் புடவையை இழுத்துச் சொருகிட்டு மாடி ஏறி, கத்தை கத்தையாத் தொங்கின நூல் சிட்டத்தையெல்லாம் ரெண்டு வேலையாளுங்களை விட்டு வீட்டுக்குள்ள அள்ளிப் போடச் சொல்லி, பந்தல் முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தாங்க. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பெருமூச்சு. தட்டைத் தூக்கும்போது, "அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்க அவளை"ன்னாங்க.

"அத்தைகிட்ட சொல்லுங்க மாமா, படி இருக்கு, பாத்து."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கணுமா? நேரா பேசித் தொலைங்களேன்!"

தட்டு வெயில்ல உக்காந்துச்சு. மருமக ஒரு பலகையை எடுத்துட்டு வந்து சரியாப் பாதித் தட்டை மூடினா.

"வெளுக்கணும்னு சொல்லிட்டு எதுக்காம் மூடறது?"

"மூடின பாதி ரோஸாவே இருந்து, திறந்த பாதி வெள்ளை ஆச்சுன்னாத்தான் இது வெளிச்சத்தோட வேலை. ரெண்டும் சேந்து வெளுத்தா, ஊறினதுல போச்சுன்னு அந்த மேடம் சொல்லலாம், மாமா." இந்த 'மாமா'வை அவ மாமியாரைப் பார்த்தே சொன்னா.

அப்புறம் காத்திருக்கறதைத் தவிர வேலை இல்லை. மீன் தொட்டிக்குக் காத்து விடற சின்ன மோட்டார் தட்டோரமா குமிழி விட்டுட்டே இருந்தது. மூணு பேரும் தட்டைச் சுத்தி, அடுப்புல பால் வெச்ச மாதிரி பாத்துட்டு நின்னாங்க. ரோஸ் ரோஸாவே இருந்தது. சாப்பாடு நேரம் வந்தது, யாரும் இறங்கலை. ரோஸ் அப்படியேதான் இருந்தது. மருமக மனசுக்குள்ள உப்பு, சோடான்னு எல்லாத்தையும் திட்டிட்டிருந்தா.

பத்தாததுக்கு ஒரு மேகம் வேற வந்துது. நேரா நம்ம வீட்டு மேல வந்து, பார்க்கிங் பண்ணின மாதிரி நின்னுடுச்சு.

மாமியார் அண்ணாந்து பார்த்தாங்க. "ஏய், நகர்றியா இல்லையா? வேற மாடியே கிடைக்கலையா உனக்கு?"ன்னு கையை ஓங்கினாங்க. ஆயுசு பூரா வெயிலைத் திட்டின வாய் அது. மருமகளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கினா, மூக்கு வழியா வந்துது. மாமியார் முறைச்சாங்க. ஆனா அந்த முறைப்பு முழுசா வேகலை, பாதியிலேயே அவங்க வாயும் கோணிடுச்சு.

மேகம் நகர்ந்துது. பயந்துடுச்சு போல.

கொஞ்ச நேரம் கழிச்சு மாமியார் குனிஞ்சாங்க. அவங்க கண்ணுக்குக் கலர்ல இம்மி வித்தியாசம் வந்தாலும் தெரியும்.

"டீ."

மருமக திரும்பினா. நேராப் பேசிட்டாங்க!

"அந்த ஓரத்தைப் பாரு. முன்ன இருந்த மாதிரி இல்லை இது."

ஓரத்து மணி ரோஸ் இல்லை. வெள்ளையும் இல்லை. கன்னத்துச் சிவப்பு இறங்கற மாதிரி ஒரு கலர். மருமக மாமியார் தோளைப் பிடிச்சுக்கிட்டா. பிடிச்சது அவளுக்கே தெரியாது. மாமியாரும் தட்டி விடலை.

சாயங்காலம் அதிகாரியம்மா மூச்சு வாங்கிட்டே மாடி ஏறினாங்க. மருமக பலகையைத் தூக்கினா. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி, இந்தப் பக்கம் ரோஸ், அந்தப் பக்கம் வெள்ளை. அதிகாரியம்மா தானே டம்ளரும் சோடாவும் கேட்டு வாங்கி, வெள்ளைப் பக்கத்து மணியைப் போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினாங்க. தண்ணி தண்ணியாவே இருந்தது.

மாமனார் அடிச்ச விசில் தெருமுனை வரைக்கும் கேட்டுது.

"மூணு மாசத்துக்கு அனுமதி தரேன். மாசா மாசம் வந்து மணியையும் பாப்பேன், தண்ணியையும் பாப்பேன்"னு கையெழுத்துப் போட்டாங்க அதிகாரியம்மா. மாமியார் அப்பாடான்னு நின்ன இடத்துலேயே உக்காந்துட்டாங்க.

அதிகாரியம்மா அதோட போயிருக்கலாம். போகலை. மருமக பக்கம் திரும்பினாங்க.

"எத்தனையோ பட்டறை பாக்கறேன். எங்கிட்ட மறைக்கறவங்களைத்தான் பாத்திருக்கேன். சரின்னு நான் பேனாவை எடுத்தப்புறம் தடுத்தது நீ ஒருத்திதாம்மா. எங்க வாரியத்துல உன்ன மாதிரி ஆள் தேடிட்டிருக்கோம். இந்தத் தெரு மட்டும் இல்லை, வாய்க்கால் மொத்தத்தையும் உன் கையில குடுக்கறேன். வர்றியா? வேற ஊர்ல இருக்கணும், அது ஒண்ணுதான்."

மாமியார் எந்திரிச்சுட்டாங்க. உக்காந்த இடம்கூட இன்னும் சூடாகலை!

"மேடம், கீழே உங்க பூட்டு இருக்கு. வேணும்னா அதைப் போட்டுட்டுப் போங்க. இவளைக் கேக்காதீங்க."

அதிகாரியம்மாவுக்குக் கோவம் வரலை. மிட்டாயை மென்னு முழுங்கிட்டு, தன் விசிட்டிங் கார்டை மாடிச் சுவர் மேல வெச்சாங்க. "நான் கேட்டது அவங்களை. பதிலும் அவங்களே சொல்லட்டும்"னு சொல்லிட்டு மெதுவா இறங்கிப் போனாங்க.

"சொல்லுடி, வரலைன்னு படியிலேயே கூப்பிட்டுச் சொல்லு. இன்னும் வாசலுக்குப் போயிருக்க மாட்டாங்க."

மருமக மாடி விளிம்புல நின்னு கீழே பார்த்தா. தெரு பூரா பட்டறை. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு குழாய். பச்சை, நீலம், கறுப்புன்னு எல்லாம் அந்த ஒரே வாய்க்கால்ல போய் விழுது.

"மூடியிருந்த பாதியையும் வெயில்ல விட்டுடலாம் அத்தை. இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருக்கு"ன்னா.

கேட்டதுக்கு இது பதில் இல்லைன்னு மாமியாருக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். நேரா வந்து தட்டோட ஒரு முனையைப் பிடிச்சாங்க. மருமக இன்னொரு முனையைப் பிடிச்சா. ரெண்டு பேருமா அதை வெயில் இருக்கற பக்கம் மெதுவா நகர்த்தினாங்க. காத்துல அந்தக் கார்டு லேசா அசைஞ்சுது. மாமனார்தான் ஓடிப் போய், பறந்துடாம அது மேல ஒரு கண்ணாடி மணியை வெச்சார்.